கார்த்திகை முதல் மாசி வரை: வேலூர் மாடியிலும் கொல்லையிலும் பனிக்காலத் தோட்டம்

சத்துவாச்சாரி மாடி | நவம்பர் 19, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். மாடியில் 15-க்கு 15 அங்குலப் பைகள் நாற்பது இருக்கு. பின்பக்கக் கொல்லையில் 20 அடிக்கு 15 அடி மண் தரை. பைக் கலவை: செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூணும் சம பங்கு. போர் தண்ணீர், டிடிஎஸ் மீட்டரில் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கறது) 1,100 காட்டுது. மாடிக்குத் தெற்குப் பக்கம் 3 அடி கைப்பிடிச் சுவர். அதை ஒட்டித்தான் பைகள் வரிசையா இருக்கு. 50 சதவீத நிழல்வலை கோடையில் போட்டது இன்னும் மேலேயே இருக்கு.

ஐப்பசி மழைக்குப் பிறகு பாதிப் பைகள் ஊறிப் போய் நிக்குது. கத்தரி வளராம அப்படியே இருக்கு, வெண்டை அடி இலை மஞ்சள். மார்கழிப் பனி ஆரம்பிக்கறதுக்குள்ள என்ன செய்யணும், எதை விதைக்கணும், தண்ணி எப்போ ஊத்தணும்? காலிஃபிளவர் இங்க வருமா? கொல்லையில் ஒரு மல்லிச்செடி, ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு மாமரம் இருக்கு. அதுங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

காட்பாடி நாற்றங்கால் | நவம்பர் 19, காலை 9.05

முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திக்கிட்டா மத்தது சுலபம். நம்ம ஊர்ல பனிக்காலத்துக்குக் குளிர் எதிரி இல்லைங்க. மார்கழி, தை ராத்திரி பெரும்பாலும் 18, 19 டிகிரி. சில நாள் 15 வரைக்கும் இறங்கும். அதுல காய்கறி எதுவும் செத்துப் போகாது. தக்காளிக்குக் காய் பிடிக்க ராத்திரி 15-லிருந்து 20 டிகிரிதான் வேணும், அது இங்க வருஷத்துல இந்த மூணு மாசம்தான் கிடைக்குது. கெடுக்கறது மூணு விஷயம்: இலை மேல மணிக்கணக்கா நிக்கிற பனித்தண்ணி, காயாத வேர், சாய்ஞ்ச வெயிலால விழுற நிழல். நாலாவதா ஒரு கெடு இருக்கு. மாசி பாதியில பகல் வெயில் 33, 34-ஐத் தொட்டுடும். அதுக்குள்ள முடியாத எதையும் இப்ப ஆரம்பிக்கக் கூடாது. எதை விதைக்கறதுன்னாலும் பிப்ரவரி 25-லிருந்து பின்னோக்கி எண்ணுங்க.

உங்க பைகளுக்கு இன்னைக்கே செய்ய வேண்டியது:

நிழல்வலையை முழுசா எடுங்க. பகல் 11 மணி 20 நிமிஷம் அளவுக்குக் குறையுற காலத்துல பாதி வெளிச்சத்தை மறைச்சா கத்தரி நிக்கத்தான் செய்யும்.

பைகளைச் செங்கல் மேலயோ இரும்புச் சட்டம் மேலயோ ஏத்துங்க, அடியில 2 அங்குலம் காத்து போகணும். தரையோட ஒட்டின பையோட துளை சேத்தால அடைஞ்சிருக்கும். பக்கவாட்டில, அடியிலிருந்து ஒரு அங்குலம் மேல, விரல் தடிமன்ல ஆறு துளை போடுங்க. ஊறின பை ஒண்ணு 45, 50 கிலோ இருக்கும். தூக்கும்போது ரெண்டு பேர் வேணும். ஏத்தி வைக்கும்போது சுவர், உத்தரம் இருக்கிற பக்கமா வையுங்க, மாடி நடுவுல குவிக்காதீங்க.

அடுத்த நாலஞ்சு நாள் தண்ணி ஊத்தாதீங்க. மேல் மண்ணைக் களைக்கொத்தால ஒரு அங்குல ஆழத்துக்குக் கிளறி விடுங்க. வெண்டை மஞ்சளானதுக்குக் காரணம் ரெண்டு. மூச்சு முட்டின வேர் ஒண்ணு. இன்னொண்ணு தழைச்சத்து அடிச்சுக்கிட்டுப் போனது. 100 மில்லிமீட்டர் மழை பெய்தா உங்க பை ஒவ்வொண்ணுக்குள்ளயும் 11 லிட்டர் தண்ணி இறங்குது. அது போகும்போது கரையுற சத்தையெல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போகும். மண் காயறதுக்கு முன்னாடி உரம் போட்டா பிரயோசனம் இல்லை, வேர் எடுத்துக்காது. காய்ஞ்ச பிறகு மல்லாட்டைப் (நிலக்கடலை) புண்ணாக்கு 250 கிராமை 5 லிட்டர் தண்ணியில மூணு நாள் ஊறவெச்சு, தெளிஞ்ச தண்ணி ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணி கலந்து, பைக்கு ஒரு லிட்டர். பத்து நாளைக்கு ஒரு தரம் போதும். குளிர்ல தொழுவுரம், புண்ணாக்குத் தூள் எல்லாம் மெதுவாத்தான் மக்கிச் சத்தா மாறும், அதனால பனிக்காலத்துல கரைசலாக் கொடுக்கறதுதான் சீக்கிரம் வேலை செய்யும்.

கலவையையும் மாத்தணும். நார்க்கழிவு மூணுல ஒரு பங்குங்கிறது சித்திரைக்குச் சரி. இப்ப அது பஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். புதுசா நிரப்பற பைக்கு செம்மண் 4, மக்கின எரு 3, மணல் 2, நார்க்கழிவு 1. எம்-சாண்ட் போடறதா இருந்தா ரெண்டு தரம் கழுவி, மேல மிதக்கிற தூளை வடிச்சுட்டுப் போடுங்க. தூளோட போட்டா ஒரு மாசத்துல சிமெண்ட் மாதிரி இறுகிடும்.

தொரப்பாடி நிழல் | நவம்பர் 19, மாலை 6.20

தெற்குச் சுவரை ஒட்டிப் பைகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

வேலூர் ஏறத்தாழ 12.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூனில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே, கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கும். அப்போது தெற்குச் சுவர் நிழலே தராது. டிசம்பர் 22-இல் அதே நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 54 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். சுவரின் உயரத்தை 0.73-ஆல் பெருக்கினால் நிழலின் நீளம் வரும். 3 அடிச் சுவருக்கு நண்பகலில் 2.2 அடி நிழல். காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் அந்த நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 3 அடி விழும். பையின் வாய் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் அந்த மட்டத்தில் நிழல் பாதியாகக் குறையும் என்பது உண்மை. ஆனாலும் நாற்று சின்னதாக இருக்கும் மாதம் முழுக்க அது நிழலிலேயே கிடக்கும்.

ஆகவே கத்தரி, தக்காளி, மிளகாய், காலிஃபிளவர் பைகளைச் சுவரிலிருந்து 3 அடி வடக்கே நகர்த்துங்கள். காலியாகும் அந்த 3 அடிப் பட்டையில் புதினா, பாலக், கொத்தமல்லி வைக்கலாம்; அவை நான்கு மணி நேர வெயிலில் பிழைக்கும். உயரமான பந்தல் எதுவும் தெற்கே போடாதீர்கள். வடக்கு ஓரத்தில் போட்டால் யாருக்கும் நிழல் விழாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கிழக்கு. பனிக்காலத்தில் காலை வெயிலின் வேலை பனியை உலர்த்துவது. கிழக்கே பக்கத்து வீடு உயர்ந்திருந்து 9.30 வரை வெயில் வராவிட்டால் இலை மூன்று மணி நேரம் கூடுதலாக ஈரமாக இருக்கும். அந்த மூன்று மணி நேரம்தான் பூஞ்சாணத்துக்கு வேண்டியது. வெள்ளரி, புடலை, தக்காளியை முதலில் வெயில் படும் இடத்தில் வையுங்கள். மாலை வெயில் மட்டும் கிடைக்கும் இடம் மிளகாய்க்கு ஓரளவு ஒத்துக்கொள்ளும், இவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

சத்துவாச்சாரி மாடி | நவம்பர் 19, இரவு 9.15

ரொம்ப நன்றிங்க. வலையை எடுத்தாச்சு, பைகளை நாளைக்கு நகர்த்தறோம். கிழக்கே தடை இல்லை, ஆறே முக்காலுக்கெல்லாம் வெயில் வந்துடும். காலிஃபிளவர் பத்தியும் தண்ணி நேரம் பத்தியும் யாராவது சொல்லுங்க.

காட்பாடி நாற்றங்கால் | நவம்பர் 20, காலை 8.30

காலிஃபிளவர்: வரும், ஆனா விதை போட இது நேரம் இல்லை. ஐப்பசி தொடக்கத்துல விதைச்சு, கார்த்திகை தொடக்கத்துல நட்டு, தை கடைசியில அறுக்கணும். இப்ப குழித்தட்டு நாத்தா வாங்கி இந்த வாரமே நடுங்க. சூடு தாங்குற, சீக்கிரம் பூ விடுற வீரிய ரகம்னு கேட்டு வாங்குங்க. ஊட்டிக்குப் போற ரகத்தை இங்க நட்டா இலையாவே மாசியைத் தாண்டும்.

நாத்து வயசு 25 நாள், நாலஞ்சு இலை. 40 நாளைத் தாண்டின நாத்தை விலை குறைச்சுக் கொடுப்பாங்க, வேணாம். தட்டுல பட்டினி கிடந்த நாத்து நட்டதும் பட்டன் அளவுக்கு ஒரு பூ விட்டு முடிச்சுக்கும், அதுக்கு மேல என்ன போட்டாலும் பெருசாகாது.

பைக்கு ஒரு செடிதான். நடும் முன்னாடி சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கற நன்மை பாக்டீரியாத் தூள்) 10 கிராம் ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு வேரை இருபது நிமிஷம் நனைச்சு நடுங்க. நட்ட 15-ஆம் நாள், 30-ஆம் நாள் புண்ணாக்குக் கரைசல். பூ எலுமிச்சை அளவு வந்ததும் வெளி இலை நாலை மேலே மடிச்சு வாழைநாரால தளர்வாக் கட்டுங்க. வெயில் பட்டா பூ மஞ்சளாகும். கட்டின பிறகு எட்டுப் பத்து நாள்ல அறுத்துடணும், இல்லைன்னா பூ விரிஞ்சு ரவை ரவையாயிடும். பூவை வெட்டினா தண்டு உள்ளே பொள்ளலா, பழுப்பா இருந்தா போரான் குறை. அடுத்த தடவை நட்ட 30-ஆம் நாள் வெண்காரம் (போராக்ஸ்) ஒரு லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு இலையில ஒரே ஒரு தரம் தெளியுங்க. போரான் கூடினாலும் நஞ்சுதான், கைக்கணக்கா அள்ளிப் போடாதீங்க.

இலையில சின்னச் சின்னதா ஜன்னல் மாதிரி, மேல்தோல் மட்டும் மிச்சமா இருக்கும்படி அரிச்சிருந்தா அது வைரமுதுகு அந்துப்பூச்சிப் புழு. காலிஃபிளவர் வைக்கிற அன்னைக்கே பக்கத்துப் பையில ஒரு பிடி கடுகு தூவிடுங்க, முட்டையிட அது கடுகைத்தான் முதல்ல தேடும். அந்தக் கடுகுல புழு வந்ததும் செடியோட பிடுங்கிச் சோப்புத் தண்ணியில போடணும். விட்டு வெச்சா அதுவே புழுப்பண்ணை. மீறி வந்தா பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கிற, புழுவைக் கொல்ற பாக்டீரியாத் தூள், லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம்.

அணைக்கட்டு முள்ளு | நவம்பர் 20, பகல் 1.10

கத்தரியைப் பத்தி சொல்றேம்மா. நம்ம இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. மாடியில வெக்கறதா இருந்தா அதையே வையுங்க, இந்த மண்ணுக்கும் இந்தத் தண்ணிக்கும் பழகின ரகம். காம்புலயும் தண்டுலயும் முள் இருக்கு, பறிக்கக் கத்தரிக்கோல் வெச்சுக்கோங்க.

இப்ப நிக்கிற செடி ரெண்டு மாசத்துக்கு மேல ஆனதா இருந்தா பிடுங்காதீங்க. தரையிலிருந்து ஒன்றரை சாண் விட்டு மேலே வெட்டுங்க. வெட்டின வாயில மஞ்சளும் சாணியும் குழைச்சுத் தடவுங்க. மூணு வாரத்துல புதுக்கிளை, பொங்கலுக்கு அப்புறம் காய்.

கத்தரியில பனிக்காலத்து முக்கியமான சேதம் தண்டுத் துளைப்பான். நுனி வாடித் தொங்கினா தண்ணி பத்தலைன்னு நெனச்சுத் தண்ணி ஊத்துறாங்க, அது தப்பு. பக்கத்துக் கிளை எல்லாம் நிமிர்ந்து நின்னு ஒரு நுனி மட்டும் வாடியிருந்தா உள்ளே புழு இருக்கு. வாடின இடத்துக்குக் கீழே ரெண்டு அங்குலம் விட்டுக் கிள்ளி, அந்த நுனியை மாடியிலயே போடாம எரிச்சிடுங்க. வாரம் ரெண்டு தரம், செவ்வாய் வெள்ளின்னு வெச்சுக்கிட்டுச் செய்யணும். நுனியோட நிறுத்தினா காய்க்குள்ள போகாது. துளை விழுந்த காயையும் குப்பையில போடக் கூடாது, அங்கேயே கூட்டுப்புழுவாகித் திரும்பி வரும்.

இலை சின்னதாகிக் கொத்துக் கொத்தா, பூவே இல்லாம முருங்கைக்கீரை மாதிரி ஆச்சுன்னா சிற்றிலை நோய். அதுக்கு மருந்து இல்லை. அன்னைக்கே பிடுங்குங்க. தத்துப்பூச்சி பக்கத்துச் செடிக்கு எடுத்துக்கிட்டுப் போகும்.

தக்காளிக்கு ஒண்ணே ஒண்ணு: தரையிலிருந்து ஒரு அடி வரைக்கும் இருக்கிற இலையெல்லாம் கிள்ளிடுங்க. மண் தெறிச்சுத்தான் இலைக்கருகல் ஆரம்பிக்குது. மண் மேல ரெண்டு அங்குலம் காய்ஞ்ச இலையோ கரும்புச் சோகையோ பரப்புங்க, தண்டை ஒட்டாம ஒரு கை இடம் விட்டு.

பாலாற்று ஓரம் | நவம்பர் 20, இரவு 8.00

டிடிஎஸ் 1,100 என்று போட்டிருக்கீங்க. அதை யாரும் தொடலை, ஆனா பயிர் தேர்வையே அதுதான் தீர்மானிக்குது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பாலாறு ஓரம் தோல் பதனிடும் கழிவால பல கிணறு இதைவிட மோசம், இந்தத் தண்ணியில எது நிக்கும்னு தெரிஞ்சு வைக்கறதுதான் பாதி விவசாயம்.

உப்புக்குப் பயப்படற காய்: பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி. நடுத்தரம்: முட்டைக்கோஸ், மிளகாய், தக்காளி. நல்லாத் தாங்கறது: பீட்ரூட். பாலக்கும் மோசமில்லை. அதனால கேரட்டையும் பீன்ஸையும் மழைத்தண்ணி சேமிப்பு இருக்கிற அளவுக்கு மட்டும் வையுங்க. 500 லிட்டர் தொட்டி நிரம்பி இருந்தா கேரட் ஆறு பை, பீன்ஸ் நாலு பை. அதுக்கு மேல ஆசைப்பட்டா தை மாசம் போர் தண்ணி ஊத்த வேண்டி வரும், இலை ஓரம் கருகும்.

உப்பு சேர்ந்ததுக்கு அடையாளம் பை ஓரத்துல வெள்ளைப் பொருக்கு, இலையோட விளிம்பு மட்டும் தீஞ்சு போறது. ஐப்பசி மழையில உப்பு கொஞ்சம் கழுவிப் போயிருக்கும், அது ஒரு நல்லது. தை பொறந்து காஞ்ச பிறகு திரும்பச் சேரும். அப்போ மாசம் ஒரு தரம் பைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டரை மூணு தடவையா, அரை மணி இடைவெளி விட்டு ஊத்தி, அடியில வழிய விடுங்க. மழைத்தண்ணி இருந்தா அதை ஊத்துங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா மேலாகத் தெளிக்கறதுதான் உப்பைத் தேக்குது.

தண்ணி நேரம்: காலை 7-லிருந்து 9. வேருக்கு மட்டும், இலையில படாம. சாயங்காலம் ஊத்தினா மேல்மண் ராத்திரி முழுக்க ஈரமா இருந்து காத்துல ஈரப்பதத்தைக் கூட்டும், நாத்து அழுகும். மேல்நிலைத் தொட்டித் தண்ணி விடியக்காலம் சில்லுனு இருக்கும். தரைத்தொட்டித் தண்ணி மிதமா இருக்கும், சின்ன நாத்துக்கு அதை ஊத்துங்க. அளவுன்னு ஒண்ணு இல்லை. விரலை ரெண்டு அங்குலம் விட்டுப் பாருங்க; மண் ஒட்டினா வேணாம், உதிர்ந்தா ஊத்துங்க. மார்கழியில பெரும்பாலும் ரெண்டு நாளைக்கு ஒரு தரம் ஒரு லிட்டர் போதும்.

புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறை. நம்ம கடினத் தண்ணிக்கு இது சகஜம், மண்ணுல இரும்பு இருந்தும் செடிக்கு எட்டாது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணி. இலையில தெளிச்சு பத்து நாள் கழிச்சு இன்னொரு தரம். அடி இலையில நரம்புக்கு நடுவே மஞ்சளானா மக்னீசியம், அதுக்கு எப்சம் உப்பு 5 கிராம். அடி இலை முழுசா ஒரே மஞ்சளா இருந்தாத்தான் தழைச்சத்து.

ஆரணி கீரைப்பாத்தி | நவம்பர் 21, காலை 6.50

கொல்லைத் தரையை வீணாக்காதீங்க அக்கா. 20-க்கு 15 அடியில 3 அடி அகலப் பாத்தி நாலு, நடுவுல ஒரு அடி நடை, நீளவாட்டம் 15 அடி. பாத்தியை அரை அடி உசத்திக் கட்டுங்க. கார்த்திகையில இன்னும் ஒரு புயல் மழைக்கு இடம் இருக்கு. 2023-ல மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரம்தான் வந்தது, 2024-ல ஃபெஞ்சலும் நவம்பர் கடைசியிலதான். தாழப் பாத்தியில விதைச்சா விதை மிதந்து ஒரு மூலைக்குப் போயிடும்.

கொத்தமல்லி: கடையில வாங்குற முழு மல்லியைச் செருப்பாலயோ மரக்கட்டையாலயோ மெதுவாத் தேய்ச்சு ரெண்டாப் பிளந்து, 12 மணி நேரம் ஊறவெச்சு, நிழல்ல உலர்த்தி விதைங்க. முழுசாப் போட்டா முளைப்பு ஒழுங்கா இருக்காது. அரை அங்குல ஆழம், கோடு போட்டு. எட்டுப் பத்து நாள்ல முளைக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒரு கோடுன்னு தை கடைசி வரைக்கும் போட்டா வீட்டுக்குத் தட்டில்லாம கிடைக்கும். மாசியில போட்டா ஒரு சாண் வளர்ந்ததும் பூத்துடும்.

முள்ளங்கி 45 நாள். நேரடி விதைப்பு, முளைச்ச பத்தாம் நாள் செடிக்குச் செடி நாலு அங்குலம் விட்டுக் கலைச்சுடணும். கலைக்க மனசு வராம விட்டா எல்லாம் இலையாப் போகும். கலைச்ச நாத்துக் கீரையைப் பொரியல் பண்ணலாம்.

கேரட்டுக்குப் பாத்தி ஒரு அடி ஆழத்துக்கு கல், கட்டி இல்லாம சல்லடை மண்ணா இருக்கணும். பச்சைச் சாணி போட்டாலும் கல் தட்டினாலும் கிழங்கு ரெண்டு மூணு காலாப் பிரியும். விதை ஒரு பங்குக்கு மணல் நாலு பங்கு கலந்து தூவி, கால் அங்குலம் மண் மூடி, ஈரச் சாக்கு போட்டு வையுங்க. ஏழாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்க, முளை தெரிஞ்ச அன்னைக்கே சாக்கை எடுக்கணும். ஒரு நாள் தாமதிச்சாலும் வெளுத்து நீண்டு சாஞ்சுடும். இங்கே ஊட்டி நிறம் வராது, நீளமும் விரல் அளவுதான். இனிப்பு இருக்கும்.

பீட்ரூட் விதைங்கறது உண்மையில ரெண்டு மூணு விதை சேர்ந்த கொத்து. ராத்திரி ஊறவெச்சு விதைச்சு, முளைச்சதும் ஒண்ணை விட்டு மத்ததைக் கத்தரிக்கோலால வெட்டுங்க. பிடுங்கினா பக்கத்து வேரும் ஆடும்.

சிறுகீரை, அரைக்கீரை இப்ப மெதுவாத்தான் வரும். 25 நாள்ல பறிக்கறது 35 நாள் ஆகும். இலை அடியில வெள்ளைக் கொப்புளம் தெரிஞ்சா வெண்துரு. நெருக்கமா விதைச்சதுதான் காரணம். பாதியைப் பிடுங்கிக் காத்து விடுங்க, கொப்புளம் இருக்கிற இலையைத் தள்ளுங்க.

குடியாத்தம் கொல்லை | நவம்பர் 21, காலை 11.30

அவரை பத்தி யாரும் சொல்லலையே. வடக்கு ஓரத்துல பந்தல் போட்டு இப்ப பந்தல் அவரை விதைக்கலாமே. அசுவினி (சாறு உறிஞ்சற சின்னப் பூச்சி) வந்தா வேப்பெண்ணெய் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அடிச்சாப் போதும். சாம்பல் நோய்க்கும் அதே வேப்பெண்ணெய்தான்.

காட்பாடி நாற்றங்கால் | நவம்பர் 21, பகல் 2.15

ஐயா, மன்னிக்கணும், இதுல மூணு இடத்துல மாறுபடறேன்.

பந்தல் அவரை நாள் நீளம் குறைஞ்சாப் பூக்குற பயிர். ஆடியில விதைச்சு, கொடி பந்தல் முழுக்கப் படர்ந்த பிறகு பகல் குறையும்போது பூத்தாத்தான் பொங்கலுக்குக் கூடை கூடையாக் காய்க்கும். கார்த்திகையில விதைச்சா கொடி ரெண்டு முழம் ஏறும் முன்னாடியே பூத்துடும், ஒரு கைப்பிடி காயோட நிக்கும். இப்ப வேணும்னா செடி அவரையோ செடி பீன்ஸோ வையுங்க, 55, 60 நாள்ல காய்.

அடுத்தது அசுவினி. பனி இறங்க ஆரம்பிக்கறது ஆறரை, ஏழு மணி. ஆறு மணிக்கு எண்ணெய் அடிச்சா இலை காயாது. எண்ணெய்ப் படலமும் பனித்தண்ணியும் சேர்ந்து ராத்திரி முழுக்க இலையை நனைச்சே வைக்கும். கோடைக்கு ஆறு மணி சரி. பனிக்காலத்துக்கு மூன்றரையிலிருந்து நாலரை: வெயில் தணிஞ்சிருக்கும், இருட்டறதுக்குள்ள இலை காயும். அளவு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி. முதல்ல எண்ணெயையும் சோப்பையும் குழைச்சு அப்புறம்தான் தண்ணி. நேரா ஊத்தினா எண்ணெய் மிதக்கும், கடைசியா அடிக்கிற செடி எண்ணெய் பட்டுக் கருகும்.

அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ரெண்டு. காலை எட்டு மணிக்குக் குழாய்த் தண்ணியை வேகமா நுனியில அடிச்சு அசுவினியை உதிருங்க. விழுந்தது பெரும்பாலும் திரும்ப ஏறாது. எறும்பைத் தடுங்க. தேனுக்காக அசுவினியைக் காவல் காக்கறதே எறும்புதான். பை வெச்சிருக்கிற சட்டத்தோட கால்ல கிரீஸ் தடவினாப் போதும். இலையில பொறிவண்டோ, அதோட முதலை மாதிரி இருக்கிற கருப்புப் புழுவோ தெரிஞ்சா எதையும் அடிக்காம ஒரு வாரம் பொறுங்க. அந்தப் புழுவைக் கெட்ட புழுன்னு நசுக்கிடறாங்க, அதுதான் அசுவினியை அதிகம் தின்கிறது.

சாம்பல் நோய் விஷயத்துல ரெண்டு வேற வேற நோயை ஒண்ணாப் பாக்கறோம். இலை மேல மாவு தூவின மாதிரி வெள்ளையா இருந்தா சாம்பல் நோய். அதுக்கு இலையில தண்ணி நிக்கவே வேணாம். நெருக்கம், நிழல், பகல் காஞ்சு ராத்திரி குளிர்ற காலம் போதும். இலை மேல நரம்புக்குள்ள அடங்கின கட்டம் கட்டமான மஞ்சள், திருப்பினா ஊதா கலந்த சாம்பல் நிறப் படிவு இருந்தா அது அடிச்சாம்பல். அதுக்கு ஈரம் நின்னே ஆகணும். முதலாவதுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ரெண்டாவதுக்குக் கந்தகம் பிரயோசனமே இல்லை. அந்த இலையைப் பறிச்சு, கொடியை விலக்கிக் காலை வெயில் பட வைக்கணும், சூடோமோனாஸ் லிட்டருக்கு 10 கிராம் வாரம் ஒரு தரம் முன்தடுப்பா அடிக்கணும். கந்தகமும் வேப்பெண்ணெயும் ஒண்ணுக்கொண்ணு ரெண்டு வாரம் இடைவெளி இல்லாம அடிச்சா இலை பொசுங்கும். வெள்ளரி, பாகல் வகைக்குக் கந்தகம் அடிக்கறதா இருந்தா முதல்ல ஒரு கொடியில அடிச்சு மூணு நாள் பாருங்க.

குடியாத்தம் கொல்லை | நவம்பர் 21, மாலை 5.00

நேரம் பத்திச் சொன்னது சரிதாங்க, பனி இறங்கற கணக்கை விட்டுட்டேன். திருத்திக்கறேன். எறும்புக்குக் கிரீஸ் போடறதோட, பந்தல் கம்பி சுவரைத் தொடாம இருக்கணும்னும் சேர்த்துக்கோங்க. ஒரு கம்பி தொட்டாலும் அது வழியா ஏறிடும்.

போளூர் மல்லி | நவம்பர் 22, காலை 10.00

மரம், பூச்செடி பற்றிய கேள்விக்கு.

மல்லிக்கு நேரம் இப்பவே. நவம்பர் கடைசி வாரம் கவாத்து. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரை நிறுத்துங்கள். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு எல்லாக் கிளையும் வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட வேண்டும். காய்ந்ததும் பென்சிலை விட மெலிந்ததும் அடியோடு. பிறகு வேரைச் சுற்றி ஒரு அடி தள்ளிக் கிளறி 10 கிலோ மக்கிய எரு வைத்துத் தண்ணீர் விடுங்கள். பங்குனியில் பூ. இலை இருக்கிறதே என்று கவாத்தைத் தை வரை தள்ளினால் பூ வரும் காலமும் அப்படியே தள்ளும்.

கறிவேப்பிலை இப்போது ஓய்வில் இருக்கும். இலை பழுத்து உதிர்வது நோய் அல்ல. உரம் எதுவும் வேண்டாம், தண்ணீரை வாரம் ஒரு முறையாகக் குறையுங்கள். மாசி பாதியில் நுனி வெட்டி, புளித்த மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றினால் துளிர்க்கும். இப்போது வெட்டினால் வெட்டிய கிளை அப்படியே நிற்கும்.

முருங்கைத் தண்டில் மழைக்குப் பின் கம்பளிப்புழு கூட்டமாக அப்பிக் கிடக்கும். பகலில் அடிமரத்தில் ஒன்றாக இருக்கும் நேரம்தான் பிடிக்கச் சுலபம்: நீளக் கம்பில் சாக்கு சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து வழித்து வாளிக்குள் தள்ளுங்கள். முடி பட்டால் தோல் தடிக்கும், முழுக்கை சட்டை அவசியம்.

மாமரத்துக்குக் கார்த்திகையிலிருந்து பூ வரும் வரை தண்ணீரே விடக் கூடாது. குளிரும் வறட்சியும் சேர்ந்தால்தான் மொட்டு பூவாகத் திரும்பும். தண்ணீர் விட்டால் துளிராகப் போகும். பக்கத்துப் பாத்தித் தண்ணீர் மரத்தடிக்கு ஓடாதபடி ஒரு வரப்பு போடுங்கள். காய் பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் தொடங்கலாம்.

சத்துவாச்சாரி மாடி | ஜனவரி 24, காலை 8.10

எல்லாரும் சொன்னபடி செஞ்சாச்சு. காலிஃபிளவர் பூ பிடிச்சிருக்கு. மிளகாயில நுனி இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருளுது. தண்ணி குறைவா?

அணைக்கட்டு முள்ளு | ஜனவரி 24, காலை 11.45

மேல்நோக்கிச் சுருண்டா இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டா சிலந்திப்பூச்சி. ரெண்டுக்கும் மருந்து வேற. வெள்ளைத்தாள் மேல நுனியைத் தட்டிப் பாருங்க. மஞ்சளா, நூல்கணக்கா ஓடினா இலைப்பேன்தான். தை பொறந்து காத்து காயும்போது வரும். நீலநிற ஒட்டுப்பலகை ஒண்ணு செடி உசரத்துக்குக் கட்டுங்க. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறவெச்சு, துணியில வடிச்சு, சோப்புக் கரைசல் 2 மில்லி சேர்த்து இலையோட அடிப்பக்கம் நனையற மாதிரி அடிங்க. ஏழு நாள் விட்டு மூணு தடவை. சிலந்தியா இருந்தா கந்தகம் 2 கிராம். சுருண்ட இலை விரியாது, புது இலை நேரா வருதான்னு பாத்து முடிவு பண்ணுங்க.

தொரப்பாடி நிழல் | ஜனவரி 24, இரவு 7.30

நிழல்வலையை மறுபடி கட்ட நாள் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 2 மணிக்குத் தக்காளி இலை சுருண்டு, மாலை 5 மணிக்குத் தானாக விரிகிறதா என்று மாசி தொடக்கத்திலிருந்து பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து அப்படி நடந்தால் வலை போடலாம். தலைக்கு மேல் 8 அடி உயரத்தில், மேற்கிலும் தென்மேற்கிலும் மட்டும் இறக்கி, கிழக்கைத் திறந்தே விடுங்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். பகல் சுட்டாலும் மாசி விடியலில் பனி நிற்கும், அதை உலர்த்தக் காலை வெயில் அப்போதும் வேண்டும்.